செல்லப் பிராணி கேள்வி – பதில்: தயிர் சாதத்துக்கு மாறியும் நிற்காத அரிப்பு

மழை தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நாயின் அரிப்பைப் பற்றியவையே அதிகம். ஒரே கேள்வியைப் பலரும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதால், அவற்றில் ஆறு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு மூன்று வயது. ஒரு வருடமாக முன்னங்கால் பாதங்களை இரவெல்லாம் நக்கிக்கொண்டே இருக்கிறது. காதில் மூன்று முறை சீழ் வைத்துவிட்டது. கோழிக்கறி சூடு, அதனால்தான் அரிக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால் கோழியை நிறுத்திவிட்டு, பத்து நாட்களாகத் தயிர் சாதம் மட்டும் கொடுக்கிறோம். கொஞ்சமும் குறையவில்லை. வேறு என்ன சாப்பாடு கொடுக்கலாம்?
– வாசகி, திருச்சி

'சூடு' என்ற சொல்லை நான் கேலி செய்ய மாட்டேன். ஏதோ ஒரு உணவு இந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்ற பழைய கவனிப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஆனால் ஒவ்வாமை என்பது உணவின் சூட்டையோ குளிர்ச்சியையோ பொறுத்ததல்ல; உணவிலுள்ள ஒரு புரதத்தை நாயின் நோயெதிர்ப்பு அமைப்பு பகையாக எண்ணி எதிர்ப்பதால் வருவது. அந்தப் புரதம் கோழியில் இருக்கலாம், பாலிலும் இருக்கலாம். உணவு ஒவ்வாமை உறுதி செய்யப்பட்ட ஏறத்தாழ 300 நாய்களைப் பற்றிய ஒரு தொகுப்பாய்வு 2016-இல் வெளியானது. அதில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17 சதவீதம், கோழி 15 சதவீதம், கோதுமை 13 சதவீதம் நாய்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. இது மேலைநாட்டு நாய்களின் கணக்கு. அங்கே எதை அதிகம் போடுகிறார்களோ அதுவே பட்டியலின் மேலே வந்திருக்கிறது. நம் வீடுகளில் கோழியும் பாலும் பிஸ்கட்டும்தான் நாயின் அன்றாட உணவு. ஆகவே, நீங்கள் சந்தேகத்துக்குரிய ஒருவரை வாசல் வழியாக அனுப்பிவிட்டு, அதே பட்டியலில் இருக்கும் இன்னொருவரைக் கொல்லைப்புறம் வழியாக உள்ளே அழைத்துவந்திருக்கிறீர்கள்.

பத்து நாட்களும் போதாது. உணவை மாற்றிய பிறகு தோல் அமைதியடைய வாரக்கணக்கில் ஆகும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு எட்டு வாரங்களுக்குள் முன்னேற்றம் தெரிந்துவிடும் என்பதால்தான் நாங்கள் எட்டு வாரம் என்று அடித்துச் சொல்கிறோம். பாதத்தை நக்குவதும் அடிக்கடி காதில் சீழ் வருவதும் ஒவ்வாமையின் அடையாளங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது உணவால் வந்ததா, வீட்டுத் தூசியிலுள்ள நுண்பூச்சி, மகரந்தம், பூஞ்சை ஆகியவற்றால் வந்ததா என்பதைத் தோலைப் பார்த்து யாராலும் சொல்லிவிட முடியாது; இரண்டும் அதே பாதங்கள், அதே காது, அக்குள், கவட்டை, முகம் என ஒரே இடங்களைத்தான் பிடித்துக்கொள்ளும். வருடம் முழுவதும் ஒரே அளவில் அரித்தால், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை மலம் கழித்தால், ஆசனவாயைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்ந்தால், அல்லது ஒரு வயதுக்கு முன்பே தொந்தரவு தொடங்கியிருந்தால் உணவின் மீது என் சந்தேகம் கூடும். இருந்தாலும் அது சந்தேகம்தான். உண்மையைச் சொன்னால், உணவு ஒவ்வாமை நாம் நினைக்கும் அளவுக்குப் பரவலானதல்ல. சூழலால் வரும் ஒவ்வாமையைத்தான் நான் அதைவிட அதிகம் பார்க்கிறேன்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி உணவு விலக்குச் சோதனை. உங்கள் நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதம், தின்றிராத ஒரு மாவுப்பொருள், இவை இரண்டையும் தவிர வேறெதுவும் இல்லாமல் எட்டு வாரங்கள் போட வேண்டும். இதுவரை மீன் கொடுத்ததில்லை என்றால் மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் ஜோடி. முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்த, உப்போ மசாலாவோ சேர்க்காமல் வேகவைத்த மீன் ஒரு பங்கு, வெந்த கிழங்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. ஐந்தாறு நாட்களில் பழைய சாப்பாட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்து இதற்கு மாற்றுங்கள். எட்டு வாரக் கணக்கு முழுதாக மாறிய நாளிலிருந்து தொடங்கும். காடை, வான்கோழி, வாத்து ஆகியவை கோழிக்கு மாற்று ஆகா. பறவைகளின் புரதங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. வீட்டில் சமைக்க நேரமில்லாதவர்கள், புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் மருத்துவ உணவைக் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்து வாங்கலாம். விலை அதிகம், ஆனால் சத்துக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுச் சாப்பாடு வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்குச் சில வாரங்களுக்குத் தாங்கும்; கால்சியமும் மற்ற தாதுக்களும் சேர்க்காமல் அதையே மாதக்கணக்கில் தொடர்வதும், வளரும் குட்டிக்கு அதை மட்டும் போடுவதும் தவறு.

இந்தச் சோதனை தோற்பதற்குச் சமையல் ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை. வீட்டு மனிதர்கள்தான் காரணம். என்னிடம் வந்த ஒரு லாப்ரடாருக்கு ஐந்து வாரங்களாகியும் மாற்றம் இல்லை. வீட்டம்மா அளவு பார்த்துப் பார்த்துச் சமைத்திருந்தார். நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வேளையும் எழுதியிருந்தார். ஒரு சனிக்கிழமை அவருக்குப் பதிலாகத் தாத்தா நாயை அழைத்துக்கொண்டு வந்தார். பரிசோதனை மேசையில் நாய் அவருடைய சட்டைப் பையையே முகர்ந்துகொண்டிருந்தது. மாலை காபியில் நனைத்த பிஸ்கட் ஒன்றே ஒன்று, "அது பாவம் பார்த்துக்கொண்டே இருக்கும் சார்" என்றார். ஒன்றே ஒன்றில் கோதுமையும் பாலும் இருந்தன. அன்றிலிருந்து எட்டு வாரத்தை மறுபடி தொடங்கினோம். தாத்தாவிடம் வேகவைத்த கிழங்குத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டோம். நாய்க்கு வேண்டியிருந்தது அவர் கையிலிருந்து ஏதாவது ஒன்று, அவ்வளவே. இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரை, மெல்லும் எலும்பு, மாத்திரையைச் சுற்றிக் கொடுக்கும் சீஸ், பக்கத்து வீட்டுக் குழந்தை வீசும் முறுக்கு ஆகிய எல்லாமே இதே கணக்கில் சேரும்.

சோதனை தொடங்கும் முன்பே காதிலும் பாதத்திலும் உள்ள பாக்டீரியா, ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) தொற்றுக்கு மருத்துவம் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உணவு சரியாக இருந்தும் தொற்றினாலேயே நாய் சொறிந்துகொண்டிருக்கும். தாங்க முடியாத அரிப்பு என்றால் முதல் சில வாரங்களுக்கு மருத்துவர் மாத்திரை கொடுப்பார்; கடைசி இரண்டு வாரங்களாவது மாத்திரை இல்லாமல் கடந்தால்தான் உணவின் பலன் தெரியும். தினமும் இரவு அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண் போட்டு எழுதி வையுங்கள். நம் நினைவு நல்ல நாளையோ மோசமான நாளையோ மட்டும்தான் வைத்துக்கொள்ளும்.

எட்டு வாரத்தில் குறைந்துவிட்டால், பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. பழைய சாப்பாட்டை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவு ஒவ்வாமை என்று உறுதி. இதைச் செய்யச் சொன்னால் மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மழை நின்றதால் குறைந்ததா, காது மருந்தால் குறைந்ததா, மீனால் குறைந்ததா என்று தெரியாமலேயே வாழ்நாள் முழுவதும் மீன் சமைப்பதைவிட இது மேல். உறுதியானதும் மீண்டும் மீனுக்கு வந்து, அரிப்பு அடங்கிய பிறகு கோழியை மட்டும் இரண்டு வாரம், பிறகு தயிரை மட்டும் இரண்டு வாரம் என்று தனித்தனியாகச் சேர்த்தால் எது பகை என்பது தெரிந்துவிடும். அரிசியைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம்; அரிசிக்கு ஒவ்வாமை என்பது அரிது. தானியமே இல்லாத உணவு என்று அட்டையில் அச்சிட்டு விற்பவற்றால் அரிப்பு தீரும் என்பதற்கும் ஆதாரமில்லை.

எங்கள் சிப்பிப்பாறை நாய் வாலடியையும் இடுப்பின் மேற்பகுதியையும் கடித்துக் கடித்து முடி கொட்டிவிட்டது. உடம்பில் ஒரு பூச்சிகூட இல்லை. நானே தேடிப் பார்த்துவிட்டேன். சாப்பாட்டில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். மாற்றலாமா?
– வாசகர், தென்காசி

சாப்பாட்டைத் தொடாதீர்கள். வாலடி, இடுப்பு, தொடையின் உட்பக்கம் என்று பின்பாதியில் மட்டும் அரிப்பு இருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அது தெள்ளுக்கடி ஒவ்வாமை என்றே நான் எடுத்துக்கொள்வேன். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஓரிரண்டு கடிகளே போதும். அப்படிப்பட்ட நாய் தன்னையே ஓயாமல் கடித்துக்கொள்வதால் தெள்ளையும் விழுங்கிவிடும். அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை.

பேன் சீப்பால் வாலடி முடியை வாரி, சீப்பில் வந்த கறுப்புத் துகள்களை நனைத்த வெள்ளைத் துணியிலோ டிஷ்யூ காகிதத்திலோ தட்டுங்கள். மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசியும். அது உங்கள் நாயின் ரத்தம்தான். நாயின் மேல் இருக்கும் வளர்ந்த தெள்ளு வீட்டிலுள்ள மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம் மட்டுமே; மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் சிமெண்டுத் தரையின் வெடிப்பிலும் சோபாவின் இடுக்கிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடியது. ஆகவே, வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் மருந்து, அதுவும் குறைந்தது மூன்று மாதம் இடைவிடாமல், கூடவே நாயின் விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது என்று எல்லாம் சேர்ந்தால்தான் தீரும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை இறந்துபோகலாம். நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தெள்ளு மாத்திரை வாங்குங்கள்.

நாங்கள் சைவக் குடும்பம். வீட்டில் மீனோ கறியோ சமைக்க முடியாது. நாய்க்கு உணவுச் சோதனை செய்வது எங்களுக்குச் சாத்தியமே இல்லையா?
– வாசகி, மயிலாப்பூர், சென்னை

சாத்தியம்தான். பனீரும் தயிரும் பால் பொருட்கள் என்பதால் அவற்றை நம்பிச் சோதனை செய்ய முடியாது. ஆனால் இதுவரை கொடுக்காத கொண்டைக்கடலை அல்லது ராஜ்மாவை ஊறவைத்து, நன்றாகக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கொடுக்கலாம். வயிறு உப்பி வாயு பிரியும். மெதுவாகக் கூட்டினால் பழகிக்கொள்ளும். தாளிப்பு கூடாது. சாம்பாரில் போட்ட சின்ன வெங்காயமும் ரசத்துக்குத் தட்டிப் போட்ட பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக் கூடியவை என்பதால், வீட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து போடும் வழக்கத்தைச் சோதனை முடிந்த பிறகும் மறந்துவிடுவது நல்லது. சைவ வீடுகளுக்கு என் முதல் தேர்வு, மேலே சொன்ன உடைத்த புரத உணவுகளில் சோயாவைக் கொண்டு செய்த வகை. பொட்டலத்தைத் திறந்து தட்டில் கொட்டினால் போதும்.

தெருவிலிருந்து ஒரு குட்டியை எடுத்து வந்தோம். காது ஓரமும் முழங்கையும் சொரசொரப்பாகி, இரவும் பகலும் சொறிகிறது. இப்போது எனக்கும் மகளுக்கும் கையிலும் வயிற்றிலும் சிவந்த தடிப்புகள். மெக்கானிக் கடையில் பழைய இன்ஜின் ஆயில் வாங்கித் தடவச் சொல்கிறார்கள். தடவலாமா?
– வாசகர், வேலூர்

வேண்டவே வேண்டாம். பழைய இன்ஜின் ஆயிலும் மண்ணெண்ணெயும் தோல் வழியாகவும் நக்குவதாலும் உள்ளே போய்க் குட்டியைக் கொன்றுவிடலாம்.

இது சொறி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலைக் குடைந்து வாழ்வதால் வருவது. குட்டியின் காது மடலின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துச் சில விநாடிகள் தேய்த்துப் பாருங்கள். அதே பக்கத்துப் பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல் ஆடினால் சந்தேகம் வலுக்கிறது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தும் பல சமயம் பூச்சி அகப்படாது என்பதால், அடையாளங்களை வைத்தே மருத்துவத்தைத் தொடங்கிவிடுவோம். மருந்துக்கு நன்றாகவே கேட்கும். நாட்டு நாய்க்குட்டிக்கு ஐவர்மெக்டின் ஊசி பல காலமாகப் போடப்பட்டு வந்தாலும், அளவு தவறினால் ஆபத்தானது. கோலி இன நாய்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் மரபணுக் குறை காரணமாகக் குறைந்த அளவே நஞ்சாகலாம். ஆகவே, மருந்துக் கடையில் வாங்கி நீங்களே போடக் கூடாது. பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் சேர்த்து மருந்து வேண்டும். உங்கள் தடிப்பு பெரும்பாலும் நாய் குணமானதும் தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் நாயைப் பற்றியும் சொல்லிக் காட்டுங்கள்.

எங்கள் நாயை வாரம் இருமுறை வீட்டில் நாங்கள் பயன்படுத்தும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, வேப்பெண்ணெய் தடவுகிறோம். தோல் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கும் நாற்றமும் வருகிறது. எங்கே தவறு?
– வாசகி, புதுச்சேரி

சோப்பில் ஒரு தவறு, எண்ணெயில் ஒரு தவறு. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெலிதானது. நம் சோப்பு அதன் பாதுகாப்பு எண்ணெயைக் கழுவிவிடுகிறது. கறுப்பும் பிசுக்கும் நாற்றமும் ஈஸ்ட் பெருகியிருப்பதைக் காட்டுகின்றன. ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வளர்வது. நீங்கள் அதற்கு எண்ணெய் ஊற்றி வளர்க்கிறீர்கள். நீர்க்காத வேப்பெண்ணெய் தோலை எரிக்கும். நக்கினால் வாந்தி வரும்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த நாய் ஷாம்புவை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, வாரம் ஒருமுறை குளிப்பாட்டுங்கள். நுரை தோலின் மேல் முழுதாகப் பத்து நிமிடம் இருக்க வேண்டும். போட்டவுடன் கழுவிவிட்டால் ஷாம்புக்குக் கொடுத்த காசும் நுரையோடு போய்விடும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வயிறு, அக்குள், கால்விரல் இடுக்குகளில் தேய்த்துக்கொண்டிருங்கள். சாதாரணத் தண்ணீரே போதும், வெந்நீர் அரிப்பைக் கூட்டும். பிறகு விரலிடுக்குகளையும் மடிப்புகளையும் துணியால் ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். மழைக்காலத்தில் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். வெளியே போய் வந்தவுடன் பாதங்களைத் தண்ணீரில் கழுவித் துடைப்பது, ஒட்டிக்கொண்டு வந்த மகரந்தத்தையும் அகற்றிவிடும். வெள்ளை நாயாக இருந்தால் விரலிடுக்கு முடி துருப்பிடித்ததுபோல் பழுப்பாகிறதா என்று பாருங்கள். அது அழுக்கல்ல, எச்சில் கறை. நீங்கள் பார்க்காதபோது நாய் எவ்வளவு நக்கியிருக்கிறது என்பதை அந்தக் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

மீன் எண்ணெய் கொடுத்தால் அரிப்பு குறையுமா? எனக்கு அலர்ஜிக்குக் கொடுத்த செட்டிரிசின் மாத்திரையை நாய்க்கும் கொடுக்கலாமா? ரத்தப் பரிசோதனையில் எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே?
– வாசகர், கோவை

மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் சூழல் ஒவ்வாமையுள்ள நாய்களுக்கு ஓரளவு உதவும். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும் என்பதால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆளி விதை எண்ணெயில் உள்ள வகையை நாயின் உடல் சரியாக மாற்றிக்கொள்வதில்லை. காட் மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள். அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், அளவு மீறினால் கெடுதல். முதல் கடிதத்தில் சொன்ன விலக்குச் சோதனை நடக்கும்போது மீன் எண்ணெயையும் புதிதாகத் தொடங்காதீர்கள். எதனால் பலன் என்று குழம்பிவிடும்.

செட்டிரிசின் பல நாய்களுக்கு அரிப்பை நிறுத்துவதில்லை. நம் சளி மாத்திரைகள் சிலவற்றில் மூக்கடைப்பு மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். அவை நாய்க்கு நஞ்சு. ஒவ்வாமை அரிப்புக்கென்றே ஓக்லாசிட்டினிப் மாத்திரை, லோகிவெட்மாப் ஊசி போன்றவை வந்துவிட்டன; எது, எவ்வளவு என்பதை நாயைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ரத்தம், எச்சில், முடி ஆகியவற்றை அனுப்பிச் செய்யும் சோதனைகள் நம்பத்தக்கவையல்ல. ஒவ்வாமையே இல்லாத நாய்க்கும் நீண்ட பட்டியல் வந்துவிடும். அந்தப் பணத்துக்கு எட்டு வாரத்துக்கான மீனும் கிழங்கும் வாங்கிவிடலாம்.